இடது பெடல் மட்டும் ஏன் பின்தங்குகிறது?

மார்ச் 2

வாசகர் கேள்வி: "டிரம் செட்டில், 22 அங்குலப் பேஸ் டிரம்மில், செயின் வைத்த இரட்டைப் பெடல் வாசிக்கிறேன். வலது காலை மட்டும் வாசித்தால் ஒழுங்காக இருக்கிறது. இரண்டு காலும் சேர்ந்து ஒரு எண்ணிக்கைக்கு நான்கு அடி என்று வாசிக்கும்போது, 130 பிபிஎம் (நிமிடத்துக்கு 130 எண்ணிக்கை) தாண்டியதும் இடது பின்தங்கி அடிகள் நொண்டியடிக்கின்றன. டைரக்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் திடமான கம்பி வைத்த பெடல்) வாங்காமல் வேகம் வராது, இதை விற்றுவிடு என்கிறார்கள். விற்றுவிடலாமா?"

விற்காதீர்கள். புதியவர்களுக்கு ஒரு வரி: இரட்டைப் பெடல் என்பது ஒரே பேஸ் டிரம்மை இரண்டு கால்களாலும் அடிக்கவைக்கும் கருவி; கால் ஃபுட்போர்டை (மிதிபலகையை) மிதிக்க, செயின் இழுத்து, பீட்டர் (சுத்தி) டிரம்மில் அடிக்கும். முதலில் கணக்கைப் பார்ப்போம். 130 பிபிஎம்மில் எண்ணிக்கைக்கு நான்கு அடி என்றால் ஒரு காலுக்கு நொடிக்கு நாலேகால் அடிக்குச் சற்று மேல். ஒரே காலின் இரண்டு அடிகளுக்கு நடுவே ஏறத்தாழ 230 மில்லிநொடி கிடைக்கிறது. எந்தச் செயினும் இந்த வேகத்தில் திணறாது. 200 பிபிஎம்முக்குப் போனால் அந்த இடைவெளி 150 மில்லிநொடியாகச் சுருங்கும். அதையும் செயின் பெடலில் அநாயாசமாக வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தவிர, உங்கள் வலது பெடலும் செயின்தான். அது ஒழுங்காக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலதில் இல்லாமல் இடதில் மட்டும் இருப்பவை இரண்டு: ஒன்று ஷாஃப்ட் (இடதுப் பெடலின் அசைவை, வலதுப் பெடலின் சட்டகத்தில் இருக்கும் இடது பீட்டருக்குக் கொண்டுபோகும் தண்டு), மற்றொன்று உங்கள் இடது கால். எது காரணம் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஸ்டூலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி, இடது காலை வலதுப் பெடலில் வைத்து வாசியுங்கள். அங்கே இடது கால் நன்றாக ஓடினால் குறை காலில் இல்லை. அங்கேயும் தடுமாறினால் பயிற்சிதான் வேண்டும். புதுப் பெடல் வாங்கினாலும் அந்தத் தடுமாற்றம் கூடவே வரும்.

மார்ச் 3

கேட்டவர் சோதித்துவிட்டார். வலதுப் பெடலில் இடது கால் 150 வரை போகிறதாம். ஆக, ஷாஃப்டைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இடதுப் பெடலின் கேமை (செயின் சுற்றியிருக்கும் சக்கரத்தை) ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் ஒற்றை விரலால் இடது பீட்டரின் தலையை முன்னும் பின்னும் தள்ளுங்கள். கேம் அசையாமலே பீட்டர் நகர்ந்தால், அந்த நகர்வு முழுவதும் உங்கள் காலுக்கும் டிரம்முக்கும் நடுவே காணாமல் போகும் தூரம். நல்ல பெடலில் இது இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இருக்கும். பீட்டர் தலை ஒரு சென்டிமீட்டர் ஆடினால், ஒவ்வொரு அடியிலும் உங்கள் கால் முதலில் அந்த வெற்று இடத்தை நிரப்பிவிட்டுத்தான் பீட்டரை நகர்த்தத் தொடங்குகிறது. மெதுவாக வாசிக்கும்போது தெரியாது. வேகம் கூடும்போது அதுவே நொண்டியாகக் காதில் விழும்.

ஆட்டம் எங்கே என்று தேடுவதற்குக் கண்ணைவிட விரல் நல்லது. பீட்டரை ஒருவர் ஆட்ட, நீங்கள் ஒவ்வொரு இணைப்பின்மீதும் பெருவிரலை அழுத்தி வையுங்கள். தேய்ந்த இடத்தில் 'டிக் டிக்' என்று விரலுக்குள் தட்டும். பெரும்பாலும் அது ஷாஃப்டை அச்சோடு பிணைக்கும் திருகாக இருக்கும்; டிரம் கீயை (டிரம் திருகுகளுக்கான சாவியை) வைத்து முடுக்கினால் முடிந்தது. ஷாஃப்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் இருக்கும் திருகு அடுத்த சந்தேகம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டுக்குள்ளேயே தட்டினால் அதைச் சரிசெய்ய முடியாது, ஷாஃப்டை மாற்ற வேண்டும். பெரிய நிறுவனங்களின் பெடல்களுக்கு ஷாஃப்ட் தனியாகவே கிடைக்கிறது. முழுப் பெடலையும் தூக்கிப்போட அவசியம் இல்லை.

மார்ச் 3, இரவு

கேமைப் பிடிக்கச் சொன்னேன். ஒருவர் ஃபுட்போர்டைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். பீட்டர் தாராளமாக முன்னே போகிறது, பெடல் வீணாகிவிட்டது என்று பதறுகிறார். பதற வேண்டாம். செயின் இழுக்க மட்டுமே செய்யும், தள்ளாது. ஃபுட்போர்டை நிறுத்திவிட்டுப் பீட்டரை முன்னே தள்ளினால் செயின் தொய்ந்து கொடுக்கும். அது ஆட்டம் அல்ல, செயினின் இயல்பு. பட்டை வைத்த பெடலுக்கும் இதே கதை.

டைரக்ட் டிரைவில் செயினின் இடத்தில் ஒரு திடமான கம்பி இருப்பதால் அது இரண்டு பக்கமும் வேலை செய்யும்: கால் பீட்டரைத் தள்ளும், பீட்டர் திரும்பி வரும்போது காலைத் தள்ளும். அந்த உணர்வு சிலருக்கு மிகவும் பிடிக்கும். சிலருக்குக் கால் பெடலோடு கட்டிப்போட்டதுபோல இருக்கும். வேக வித்தியாசத்தைவிட இந்த உணர்வு வித்தியாசம்தான் பெரியது என்பது என் கருத்து.

மார்ச் 5

ஷாஃப்டைப் பற்றி இன்னும் முக்கியமான ஒன்றை எழுதவில்லை. பெடலின் குறிப்புப் புத்தகங்களிலும் இதைத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

யுனிவர்சல் ஜாயின்ட் என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு கவைகளும் அவற்றை இணைக்கும் சிலுவைத் துண்டும்தான். நேராக நிற்கும்போது ஒரு பக்கம் எவ்வளவு சுற்றுகிறதோ மறுபக்கமும் அவ்வளவே சுற்றும். வளைந்து நிற்கும்போது அப்படி இல்லை. உள்ளே போகும் சுழற்சி ஒரே சீராக இருந்தாலும் வெளியே வரும் சுழற்சி முந்தியும் பிந்தியும் வரும். 20 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 6 சதவீதம். 30 டிகிரி வளைவில் வேகம் ஒரு கட்டத்தில் 15 சதவீதம் கூடும், இன்னொரு கட்டத்தில் 13 சதவீதம் குறையும். முழுச் சுற்று சுற்றும் இயந்திரங்களில் கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாகிவிடும். பீட்டரோ முழுச் சுற்றில் ஒரு சிறு பகுதிக்குள்தான் போய்வருகிறது. அந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து அடி தொடக்கத்தில் கனக்கும், முடிவில் இலேசாகும், அல்லது தலைகீழாக இருக்கும். 'இடது மட்டும் வேறு பெடல் மாதிரி இருக்கிறது' என்று பலர் சொல்வதில் பாதி இதுதான்.

இதற்கு மாற்று, இரண்டு ஜாயின்ட்டுகளும் ஒன்றின் பிழையை மற்றொன்று அடித்துவிடுவதுபோல அமைப்பது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஷாஃப்டின் நடுத்துண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒன்று படுக்கையாக இருந்தால் மற்றதும் படுக்கையாக இருக்க வேண்டும். இரண்டாவது, இரண்டு ஜாயின்ட்டுகளும் சம அளவில் வளைந்திருக்க வேண்டும்.

முதல் நிபந்தனை எளிதில் தவறிப்போகும். பல பெடல்களில் நடுத்துண்டு ஒன்றுக்குள் ஒன்று செருகும் அறுகோணக் கம்பி. பையில் வைப்பதற்காகக் கழற்றி மறுபடி செருகும்போது ஒரு முகம் தள்ளிச் செருகினால் கவைகள் 60 டிகிரி பிசகிவிடும். பெடல் வேலை செய்யும், ஆனால் நேற்று இருந்ததுபோல இருக்காது. தரையில் குப்புறப் படுத்து ஷாஃப்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். இரண்டு கவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரிய வேண்டும். தெரிந்தால், இரண்டு துண்டுகளிலும் சேர்ந்தாற்போல பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். என் ஷாஃப்டில் அந்த வெள்ளைக் கோடு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மேடை இருட்டில் கழற்றி மாட்டும்போது கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

இரண்டாவது நிபந்தனை இடதுப் பெடலை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அது தனியாக ஒரு பேச்சு.

மார்ச் 6

இடதுப் பெடலை வைக்கும் இடம். பெரும்பாலோர் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டை) முதலில் வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் இடுக்கில் இடதுப் பெடலைத் திணிக்கிறார்கள். பிறகு ஷாஃப்ட் ஏன் வளைந்து கிடக்கிறது என்று கேட்கிறார்கள்.

வரிசையை மாற்றுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னே எதுவும் இல்லாமல், இரண்டு கால்களையும் இயல்பாகத் தரையில் வையுங்கள். இரண்டு பாதங்களும் ஸ்னேர் (மடிக்கு முன்னால் நிற்கும் சிறு டிரம்) வரும் இடத்தின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் விரிந்து நிற்கும். வலது பாதம் நிற்கும் கோணத்துக்குப் பேஸ் டிரம்மைத் திருப்புங்கள். இடது பாதம் நிற்கும் இடத்தில் இடதுப் பெடல். ஹை-ஹாட் அதற்குப் பிறகு.

இப்போது மேலிருந்து பார்த்தால் வலதுப் பெடலும் இடதுப் பெடலும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும்; ஷாஃப்ட் இரண்டுக்கும் பொதுவாக, இரண்டு முனையிலும் ஒரே அளவு வளைந்து கிடக்க வேண்டும். ஒரு ஜாயின்ட் நேராகவும் மற்றது ஒடிந்ததுபோலவும் இருந்தால், இடதுப் பெடலை ஓரிரு விரற்கடை முன்னே அல்லது பின்னே நகர்த்தினாலே சரியாகிவிடும். பக்கவாட்டிலும் பாருங்கள். ஷாஃப்ட் தரைக்கு இணையாக இருப்பது நல்லது.

ஷாஃப்டைக் கடைசிவரை இழுத்து நீட்டி முடுக்காதீர்கள். இழுபட்ட ஷாஃப்ட் இரண்டு பக்க பேரிங்குகளையும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். உராய்வு அங்கேதான் பிறக்கிறது. திருகைத் தளர்த்தி, இடதுப் பெடலை அது விரும்பும் இடத்தில் உட்காரவிட்டு, பிறகு முடுக்குங்கள். கீழே உள்ள கூர்முனைத் திருகுகளைக் கம்பளத்தில் நன்றாக ஊன்றிவிடுங்கள். வாசிக்கும்போது இடதுப் பெடல் ஊர்ந்து போனால் இத்தனை உழைப்பும் இரண்டு பாட்டுக்குள் பாழ்.

மார்ச் 9

கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஆட்டத்துக்குக் காரணம் தளர்ந்த திருகு. முடுக்கிவிட்டார். கவைகளும் பிசகித்தான் இருந்தனவாம். இப்போது 145 வரை சீராகப் போகிறது, ஆனாலும் இடது இன்னும் 'கனமாக' இருக்கிறது என்கிறார். இரண்டு ஸ்பிரிங்குகளையும் திருகின் புரிகளை எண்ணிச் சரிசமமாக வைத்திருக்கிறாராம்.

புரிகளை எண்ணுவதை விடுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு இயந்திரங்கள். இடது ஸ்பிரிங் கூடுதலாக ஒரு ஷாஃப்டையும் இரண்டு ஜாயின்ட்டுகளையும் திருப்பிக் கொண்டுவருகிறது. புரி எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பீட்டர்கள் திரும்பும் விதம் ஒன்றாக இருக்காது என்பதுதான் எதிர்பார்க்க வேண்டியது. சில மாடல்களில் இடது பீட்டருக்கான ஸ்பிரிங் இடதுப் பெடலிலேயே இருக்கிறது, சிலவற்றில் வலதுப் பெடலின் சட்டகத்தில் இருக்கிறது, சிலவற்றில் இரண்டிலும். இதில் புரி எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம்?

நான் செய்வது ஊசல் சோதனை. பெடலை டிரம்மிலிருந்து கழற்றி, பீட்டர்கள் எதிலும் இடிக்காமல் ஆடுவதுபோல வைக்கிறேன். இரண்டு பீட்டர்களையும் ஒரே அளவு முன்னே இழுத்து, ஒரே நேரத்தில் விடுகிறேன். கால் எதன்மீதும் இல்லை. கைபேசியில் மெதுவோட்டக் காணொளியாகப் பதிந்து பார்க்கிறேன். இரண்டு விஷயங்கள் தெரியும். எது முதலில் நின்றுபோகிறது? அந்தப் பக்கம் உராய்வு அதிகம். எது வேகமாக ஆடுகிறது? அந்தப் பக்கம் ஸ்பிரிங் இறுக்கம் அதிகம், அல்லது சுழலும் எடை குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உராய்வை ஸ்பிரிங்கை முடுக்கிச் சரிசெய்ய முடியாது. அது மறைந்திருக்கும், மிதிக்கும்போது உராய்வையும் கூடுதல் ஸ்பிரிங்கையும் சேர்த்தே கால் சுமக்கும். உங்கள் 'கனம்' அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதலில் உராய்வு. ஹீல் பிளேட் (குதிகால் தட்டு) கீலிலும் ஜாயின்ட் சிலுவையிலும் ஒரு சொட்டு மெல்லிய இயந்திர எண்ணெய், வழிவதைத் துடைத்துவிடுங்கள். மூடிய பேரிங்குகளுக்குள் எண்ணெய் விடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். துருநீக்கும் ஸ்பிரேயை மசகாக நினைத்து அடிக்காதீர்கள். அது ஆறிப்போனதும் தூசு வந்து ஒட்டும். பிறகு மறுபடி ஊசல் சோதனை. இடது இன்னும் மெதுவாக ஆடினால் அப்போது இடது ஸ்பிரிங்கை அரைப் புரி, மறுபடி அரைப் புரி என்று முடுக்கி, இரண்டும் சேர்ந்து ஆடும்வரை கொண்டுவாருங்கள். பூட்டு நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

மார்ச் 9, சேர்க்கை

இரண்டு ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் பலன் தரும். குறை ஸ்பிரிங்கோடு சேர்ந்து இடம்பெயர்ந்தால் அந்த ஸ்பிரிங் களைத்துவிட்டது.

மார்ச் 12

"ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று மட்டும்தான் மேலே எழுதினேன், அளவைச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், அது குதிகாலைப் பொறுத்தது.

குதிகாலைத் தூக்கி வாசிக்கிறவரின் காலின் எடை எப்போதும் முன்பாதம் வழியாக ஃபுட்போர்டின்மீது கிடக்கிறது. ஸ்பிரிங் அந்த எடையைத் தாங்க வேண்டும். காலைத் தளர்வாக வைத்தவுடனே பீட்டர் போய் டிரம்மில் சாய்ந்துகொண்டால் ஸ்பிரிங் போதாது; அடுத்த அடிக்கு நீங்கள் காலையும் தூக்க வேண்டும், பெடல் தானாக வராது. குதிகாலை ஊன்றி வாசிக்கிறவருக்கு அந்த எடை ஃபுட்போர்டில் இல்லை. கணுக்கால் மட்டும் வேலை செய்கிறது. அவர் ஸ்பிரிங்கை இறுக்கினால் முன்னங்கால் தசை சீக்கிரமே எரியத் தொடங்கும். இருவருக்கும் ஒரே அளவை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேகம் கூடினால் ஸ்பிரிங்கையும் கூட்ட வேண்டும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஒரு எல்லைவரை உண்மை. இறுகிய ஸ்பிரிங்கில் பீட்டர் சீக்கிரம் திரும்பும், கணுக்கால் அசைவில் வாசிக்கும்போது அது காலைத் தானாகத் துள்ளவைக்கும். எல்லை தாண்டினால் ஒவ்வொரு மிதியிலும் ஸ்பிரிங்கோடு சண்டை போடுகிறீர்கள். நடுவிலிருந்து தொடங்கி, ஒரு வாரம் எதையும் தொடாமல் வாசித்து, பிறகு நகர்த்துங்கள். கால் பழகுவதற்குள் மாற்றிக்கொண்டே இருந்தால் நல்லது எது என்று தெரியவே தெரியாது.

மார்ச் 14

பீட்டரின் நீளத்தை யாரும் கேட்கவில்லை. ஸ்பிரிங்கைவிட இதில் பலன் அதிகம் என்பதால் நானாக எழுதுகிறேன்.

பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். சுழலும் பொருளின் எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதைச் சுழற்றுவது கடினமாகும். பீட்டர் தலை அச்சிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருப்பதை 18 சென்டிமீட்டருக்கு இறக்கினால், தலையின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகம் குறைகிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு இவ்வளவு! விலையாக அடியின் வலு கொஞ்சம் குறையும், அடி விழும் இடமும் கீழே இறங்கும். வேகமான பகுதிகளுக்கு நான் இந்தப் பேரத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இதையே திருப்பிப் பாருங்கள். இடது பீட்டர் வலதைவிடச் சற்று நீளமாக இருந்தாலும் அது கனக்கும். இரண்டையும் கழற்றி, கீழ் முனைகளை மேசை விளிம்பில் ஒட்டி வைத்து ஒப்பிட்டு, பிடிப்பான் வரும் இடத்தில் இரண்டிலும் ஒரே உயரத்தில் குறி போடுங்கள். பெடலில் மாட்டிய நிலையில் கண்ணால் ஒப்பிடுவது ஏமாற்றும்.

மார்ச் 15

கேம் பற்றி. வட்டமான கேமில் மிதியின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உணர்வு. மையம் விலகிய கேமில் மிதி இறங்க இறங்க பீட்டர் வேகமெடுக்கும். அடி வலுவாக விழும். டாமா நிறுவனத்தின் அயர்ன் கோப்ரா வரிசையில் ரோலிங் கிளைட் முதல் வகை, பவர் கிளைட் இரண்டாவது வகை. பேர்ல் நிறுவனத்தின் எலிமினேட்டரில் கேமையே மாற்றிப் போடலாம். இரட்டைப் பெடலுக்கு நான் வட்டமானதைத்தான் சொல்வேன். நீண்ட ஓட்டங்களில் சீரான உணர்வுதான் காப்பாற்றுகிறது. ஒற்றைப் பெடலில் ராக் வாசிக்கிறவருக்கு என் பதில் வேறாக இருக்கும்.

மார்ச் 18

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "இத்தனை பாடும் எதற்கு? இரண்டு பேஸ் டிரம் வைத்துக்கொண்டால் ஷாஃப்டே இல்லையே!"

உண்மைதான். ஷாஃப்ட் வருவதற்கு முன்பு அதுதான் வழி. வில்லியம் லுட்விக் 1909-இல் தன் பேஸ் டிரம் பெடலைக் கொண்டுவந்ததிலிருந்து நீண்ட காலம் ஒரு பெடலுக்கு ஒரு டிரம் என்பதே கணக்கு. லூயி பெல்சன் பள்ளி மாணவராக இருந்தபோதே இரண்டு பேஸ் டிரம் கொண்ட அமைப்பை வரைந்தார். 1950களின் தொடக்கத்தில் டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் அதை வாசித்து உலகத்துக்குக் காட்டினார். 1960களில் ஜிஞ்சர் பேக்கரும் கீத் மூனும் அதை ராக் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். டிரம் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 5002 என்ற இரட்டைப் பெடலை வெளியிட்ட 1983-க்குப் பிறகு ஷாஃப்ட் வழி பரவலானது. இருந்தாலும் ஸ்லேயர் குழுவின் டேவ் லோம்பார்டோ போன்றவர்கள் இரண்டு டிரம்களோடுதான் பெயரெடுத்தார்கள்.

இரண்டு டிரம்மில் இடதுக்கும் வலதுக்கும் பெடல் உணர்வு ஒன்றே. ஆனால் ஒலி ஒன்றாக இருக்காது. இரண்டு டிரம்களை ஒரே சுருதிக்கும் ஒரே அதிர்வு நீளத்துக்கும் கொண்டுவருவது பெரும்பாடு. அறையின் மூலை எந்த டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது வேறு மாதிரி ஒலிக்கும். ஒலிவாங்கியும் இரண்டு வேண்டும். ஷாஃப்டில் உள்ள பிழையை ஒரு மாலைப் பொழுதில் தீர்க்கலாம். ஒலியில் உள்ள பிழை மேடைக்கு மேடை மாறும். இடம் இருக்கிறவர்கள், அந்தத் தோற்றத்தை நேசிக்கிறவர்கள் இரண்டு டிரம் வையுங்கள், எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும். ஷாஃப்டிலிருந்து தப்பிக்க மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

மார்ச் 21

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு. செயினா, டைரக்ட் டிரைவா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கடையில் நான் முதலில் இடதுப் பெடலின் கேமைப் பிடித்து மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்வேன். பழைய பெடல் வாங்கினால் இது கட்டாயம். அடுத்து, பீட்டரின் கோணத்தையும் ஃபுட்போர்டின் உயரத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று பார்ப்பேன். மலிவான மாடல்களில் இரண்டும் பிணைந்திருக்கும். பீட்டரைப் பின்னுக்குக் கொண்டுபோனால் ஃபுட்போர்டும் கூடவே எழும், கணுக்காலுக்கு ஒத்துவராத கோணத்தில் போய் நிற்கும். இரண்டையும் பிரித்து வைக்க முடிவது ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை. மூன்றாவது, இடதுப் பெடலின் அடித்தட்டு. அசைத்தால் வளையக் கூடாது.

பிறகு ஃபுட்போர்டின் நீளம். குதிகாலைத் தூக்கிக் கணுக்காலால் வாசிக்கிறவர்களுக்கும், பாதத்தை முன்னும் பின்னும் வழுக்கவிடுகிறவர்களுக்கும் நீளமான பலகை இடம் கொடுக்கும். டாமாவின் ஸ்பீட் கோப்ரா அப்படிப்பட்டது. பேர்ல் நிறுவனத்தின் டீமன் டிரைவில் குட்டையையும் நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம், அது டைரக்ட் டிரைவும்கூட. ஆக்சிஸ் பெடல்களும் டைரக்ட் டிரைவ்தான். இவற்றில் எதையும் ஷூவோடு ஒரு முறை, சாக்ஸோடு ஒரு முறை வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வழவழப்பான பலகையில் சாக்ஸ் வழுக்கும் விதம் ஷூவுக்குச் சம்பந்தமே இல்லாதது.

டைரக்ட் டிரைவை நான் எதிர்க்கிறேன் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எதிர்க்கவில்லை. வேறு ஒரு செட்டில் அதைத்தான் வாசிக்கிறேன். இடது பக்கம் சரியில்லாத செயின் பெடலை விற்று, இடது பக்கத்தைச் சரியாக மாட்டாத டைரக்ட் டிரைவ் வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

மார்ச் 24

இடது கைப்பழக்கம் உள்ளவர் ஒருவர் கேட்டிருந்தார். சாதாரண இரட்டைப் பெடலை அப்படியே திருப்பி மாட்ட முடியாது. துணைப் பெடல் (ஷாஃப்டால் இணையும் பெடல்) எப்போதும் இடப்பக்கம் போவதுபோலவே சட்டகம் இருக்கும். இடது கால்காரர்களுக்கென்று தனியாகச் செய்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்லைஷ்மன் பெடல் இன்னொரு வழி: அதில் பீட்டர்கள் நடுவில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெடல். யார் முதன்மை, யார் துணை என்ற பேச்சே இல்லை.

மார்ச் 27

ஹை-ஹாட் பஞ்சாயத்து. மூன்று கால் ஸ்டாண்டு வைத்திருந்தால் கால்களைச் சுழற்றி இடம் பண்ண முடிகிறதா பாருங்கள். இரண்டு கால் ஸ்டாண்டு இன்னும் வசதி. ஹை-ஹாட் பெடலை இடதுப் பெடலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறவர்களே அதிகம். இரண்டு பலகைகளும் விரலளவு இடைவெளியில், ஒரே கோணத்தில் நிற்கட்டும். கால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு குதிகாலை மையமாக வைத்துத் திரும்பினால் போதும், தூக்கி வைக்கத் தேவையில்லை. இரண்டு கால்களும் பேஸ் டிரம்மில் இருக்கும்போது ஹை-ஹாட் மூடியிருக்க வேண்டுமென்றால் விழும் கிளட்ச் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். குச்சியால் தட்டினால் மேல் தட்டு விழுந்து மூடிக்கொள்ளும்.

மார்ச் 30

கேட்டவரிடமிருந்து செய்தி: எண்ணெய் விட்டு, பீட்டர்களைச் சமப்படுத்தி, இடது ஸ்பிரிங்கை ஒரு புரி கூட்டியதில் 155-இல் சீராக இருக்கிறதாம். இனிக் காலின் வேலை. ஒரு யோசனை மட்டும்: இடது காலால் தொடங்கி வாசியுங்கள். எப்போதும் வலது காலால் தொடங்கினால் இடது பின்தொடர்வதற்கு மட்டுமே பழகும்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: இரண்டு பீட்டர்களின் ஒலியும் ஏன் வேறாக இருக்கிறது? வலது பீட்டர் தோலின் நடுவில் அடிக்கிறது, இடது அதற்கு இடப்பக்கம் தள்ளி அடிக்கிறது, அதனால். பெடலைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி, நடுப்புள்ளி இரண்டு பீட்டர்களுக்கும் மத்தியில் வருவதுபோல வளையத்தில் மாட்டுங்கள். இப்போது இரண்டும் நடுவிலிருந்து சம தூரம். இரண்டு வட்டங்கள் சேர்ந்த ஒட்டுப்பட்டையை அந்த இடத்தில் ஒட்டுங்கள். பீட்டர் தலை தட்டையாக இருந்தால் முழு முகமும் தோலில் படுகிறதா என்று பாருங்கள். விளிம்பு மட்டும் பட்டால் தோலில் பிறை வடிவத் தழும்பு விழும், சீக்கிரம் கிழியும். தலையைத் திருப்பி வைக்கும் வசதி இருந்தால் திருப்புங்கள், இல்லையென்றால் உருண்டைத் தலை வாங்குங்கள். 18 அங்குல டிரம்மானால் இதற்கு முன்பு டிரம்மை ஒரு தாங்கி வைத்து உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பீட்டர்கள் நடுவுக்கு மேலே போய் அடிக்கும். உங்களுடையது 22 அங்குலம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறீர்கள், அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.